கிள்ளான் மாப்பிள்ளையும் எட்டிப்பார்க்க முடியாத தொலைநோக்கியும்

கோலாலம்பூர் விமான நிலையத்தில் இறங்கியதும் எனக்கு வந்த முதல் சந்தேகம், இந்தத் தரை ஏன் இவ்வளவு பளபளக்கிறது என்பதுதான். வருகிறவர்கள் கண்ணில் படும் இடத்தை ஒரு ஊர் இப்படித் துடைத்து வைத்திருந்தால் உள்ளே எதையோ ஒளிக்கிறது என்று அர்த்தம். விருதுநகரில் வத்தல் மண்டி நடத்துகிறவள் நான். மூட்டை வாயில் நல்ல வத்தலை அடுக்கிவிட்டு அடியில் நிறம் வெளுத்த சோடையைத் திணிக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்தே என் தலை நரைத்தது. படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் மூட்டையின் அடியில் கை விடாமல் இதுவரை எதையும் நான் வாங்கியதில்லை.

ஊர் சுற்ற நான் போகவில்லை. மாப்பிள்ளை பார்க்கப் போனேன்.

பெண், என் தம்பி மகள் கயல்விழி. தாயில்லாத பிள்ளை, என் வீட்டில் வளர்ந்தவள். இதற்கு முன் அவளுக்கு ஒரு துபாய் மாப்பிள்ளை வந்தான். என் தம்பி போட்டோவைப் பார்த்தே தலையாட்டி, நிச்சயமும் செய்துவிட்டான். பிறகுதான் அவனுக்கு அங்கே பெண்டாட்டி பிள்ளை இருப்பது தெரிந்தது. அதன்பின் வெகுநாள் கயல் வாசல் பக்கமே வரவில்லை. இன்னொரு தடவை அப்படி ஆனால் அவள் தாங்கமாட்டாள், நானும் தாங்கமாட்டேன்.

இந்தப் பையன் பெயர் சரவணன், மலேசியாவில் கிள்ளான் என்ற ஊரில் இருக்கிறான். வானத்தை ஆராய்கிற விஞ்ஞானி என்றார் தரகர். பொழுது சாய்ந்தால் நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கும் புகையைப் போட்டோ எடுக்கக் கிளம்பிவிடுவானாம். அதில் ஒரு படத்தைச் செல்போனில் காட்டினார். கறுப்பு வானத்தில் குங்குமத்தைக் கொட்டியதுபோல ஒரு சிவப்பு. இருட்டினால் வீடு தங்காத ஆண்பிள்ளைக்கு இது நல்ல சாக்கு என்று நினைத்துக்கொண்டேன். கயலுக்கோ அவனோடு போனில் பேசப் பேச முகம் தெளிந்தது. அந்தத் தெளிச்சியே எனக்குக் கலக்கமாக இருந்தது.

“நீங்க நேர்ல பாருங்க அத்தை. நீங்க சரின்னா சரி, வேணாம்னா வேணாம்” என்றாள். ஆக, என் ஒரு வார்த்தையில்தான் எல்லாம் நின்றது.

கோலாலம்பூரிலேயே பிரிக்பீல்ட்ஸில் என் ஒன்றுவிட்ட அக்கா மகள் மல்லிகா அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். பூக்கடையில் மாலை கட்டுகிறாள். அவள் வீட்டில்தான் தங்கினேன். முதல் நாள் சாயங்காலம் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனாள். இலை போட்ட பையன் “ஆன்டி, தண்ணி என்ன?” என்றான். தண்ணீரில் என்ன வகை வேண்டியிருக்கிறது? நான் அவனை முறைத்தேன். டீ, காப்பி, ஜூஸ் எல்லாமே இங்கே தண்ணிதான் என்று மல்லிகா விளக்கினாள். டீ வந்தது. பாதி டம்ளருக்கு நுரை. மீன் குழம்பு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நிறம் கொஞ்சம் கூடுதல். பொடியில் என்ன சேர்க்கிறார்கள் என்று கேட்டேன். பையன் உள்ளே போய் முதலாளியையே அழைத்து வந்துவிட்டான். முதலாளி கும்பிட்டு, “மொளகா பொடிதான் ஆன்டி, சத்தியமா” என்றார். கேட்காமலே சத்தியம் செய்கிறவரை நான் நம்புவதில்லை.

மறுநாள் காலை கிள்ளானுக்கு ரயில். ரயிலில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி, சில்லென்று இருந்தது. இரண்டு ஆண்கள் தெரியாமல் ஏறி, எல்லாரும் பார்த்த பார்வையில் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. மல்லிகா பூக்கடைக்காரம்மாவோடு போனில் சண்டை போட்டுக்கொண்டே வந்தாள். வெகுநேரம் கழித்து, பக்கத்தில் முக்காடு போட்டிருந்த மலாய்ப் பெண்ணிடம் “கிள்ளான் எப்போது வரும்?” என்று மலாயில் கேட்டாள். அந்தப் பெண் சிரித்தாள். இந்த ரயிலுக்குக் கிள்ளான் வராது, பத்துமலைதான் கடைசி என்றாளாம்.

இறங்கினோம். மலையை ஒட்டி, தங்க நிறத்தில், கழுத்து வலிக்கும் உயரத்தில் முருகன் நின்றான். பூசம் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது, ஓரத்தில் தேங்காய்ச் சில்லுகள் இன்னும் கிடந்தன. அவன் என்னைக் கூப்பிட்டானா, கிள்ளானுக்குப் போகாதே என்று மறித்தானா என்று எனக்கு விளங்கவில்லை. வாய்விட்டே கேட்டேன். வேலைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான். வந்த ரயிலிலேயே திரும்பினோம்.

கிள்ளான் நிலையத்தில் சரவணன் காரோடு காத்திருந்தான். ஒல்லி, கண்ணாடி போட்டிருந்தான், காதோரம் இரண்டு நரை.

“வணக்கம் ஆன்டி. ரொம்ப லேட் ஆயிருச்சே, என்னாச்சு?”

“பத்துமலைக்குப் போயிட்டு வர்றோம்” என்றேன், அதற்கென்றே கிளம்பியவள்போல. மல்லிகா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

காரில் ஏறியதும் மூட்டைக்குள் கையை விட்டேன். “ஆராய்ச்சி எந்த ஆபீஸ்ல?”

“ஆராய்ச்சியா? நான் ஃபேக்டரியில ஆன்டி. தெலுக் பங்லிமா காராங்ல அட்டைப்பெட்டி செய்யிற இடம். மெஷின் சைடு சூப்பர்வைசர்.”

“அப்ப விஞ்ஞானின்னாங்களே?”

அவன் சிக்னலில் வண்டியை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தான். “யாரு சொன்னா? இது ஹாபி லா ஆன்டி. சிலர் மீன் பிடிக்கப் போவாங்க இல்ல, அந்த மாதிரி.”

அடியில் சோடை. திரும்பிப் போகும் விமானத்தில் ஜன்னல் ஓரம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று அவர்களுடையது. அவன் அம்மா தனலெட்சுமி வாசலுக்கே ஓடி வந்தாள். உள்ளே மேசை நிறையச் சாப்பாடு: நண்டு, ஆட்டிறைச்சி, கேசரி, என்னவோ பச்சை நிறப் பலகாரம். அவள் தட்டை வைக்கும்போதே நான் சொல்லிவிட்டேன், சம்பந்தம் முடிவாகாத வீட்டில் நாங்கள் கை நனைப்பதில்லை. நனைத்தால் பெண்ணைக் கொடுக்கச் சம்மதித்ததாக அர்த்தம்.

“எங்க மாமியாரும் இதைத்தான் சொல்வாங்க. இப்ப யாருக்கா அதெல்லாம் பாக்குறா?”

“நான் பாக்குறேன்.”

“ஒரு வாய் தண்ணிகூடவா?”

“பையில இருக்கு.” என் பாட்டிலை எடுத்துக் காட்டினேன்.

அவள் முகம் வாடியதைப் பார்த்தேன். நண்டை அவள் விடியற்காலையில் போய் வாங்கியிருப்பாள் என்றும் தெரிந்தது. ஆனாலும் நண்டைப் பார்த்து ஒரு பெண்ணைக் கொடுத்துவிட முடியாது. மல்லிகா மட்டும், பெண் வீட்டுக்குத் தான் தூரத்துச் சொந்தம்தான் என்று சொல்லி உட்கார்ந்து சாப்பிட்டாள். நன்றாகவே சாப்பிட்டாள்.

நான் மாடியைப் பார்க்க வேண்டும் என்றேன். அவன் அறையில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. நடுவில், மூன்று காலில் ஒரு குழாய். தொலைநோக்கி என்றால் நீளமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது பெயின்ட் டப்பா போலக் குட்டையாக, பருத்து இருந்தது. வாய்ப் பக்கம் கண்ணாடி, அந்தக் கண்ணாடிக்கு நடுவில் ஒரு கேமரா ஒட்டிக்கொண்டிருந்தது. நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

“கண்ணை எங்க வைக்கணும்?”

“வைக்க இடமில்ல ஆன்டி. இதுல எட்டிப்பார்க்க முடியாது. போட்டோவுக்கு மட்டும்தான்.”

எட்டிப்பார்க்க முடியாத தொலைநோக்கி! தராசுக்குத் தட்டு இல்லை என்பதுபோல. அவன் பொறுமையாகத்தான் சொன்னான். வாய் அகலம், உடம்பு குட்டை என்பதால் வெளிச்சத்தை இது வேகமாகச் சேர்க்குமாம். மற்ற குழாய்க்காரர்கள் பல ராத்திரி நின்று எடுப்பதை இது ஒரு சாயங்காலத்தில் எடுத்துவிடுமாம். வேகமாகச் சேர்ந்த சரக்கைப் பார்த்து நான் என்றைக்கும் சந்தோஷப்பட்டதில்லை.

“தரகர் காட்டின படத்துல அந்தச் சிவப்பு?” என்றேன்.

“அங்க சிவப்பு இருக்கு. ஆனா ரொம்ப மங்கல், நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஃபில்டர் போட்டு தெரு விளக்கு வெளிச்சத்தைத் தள்ளிட்டு, அந்தச் சிவப்பை மட்டும் எடுக்கிறேன். அப்புறம் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் கூட்டி வைப்பேன்.”

“கூட்டி வைப்பியா?”

“ஆமா ஆன்டி. கூட்டலைன்னா வெறும் கறுப்பாதான் இருக்கும்.”

நிறத்தைக் கூட்டி வைத்தேன் என்று எங்கள் மண்டியில் ஒருவன் சொன்னால் அதிகாரிகள் வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போவார்கள். இவன் அதை வெயில் அடிக்கிறது என்பதுபோலச் சொல்கிறான். இன்றைக்கு நீ போகிற இடத்துக்கு நானும் வருவேன் என்றேன். பின்னாலேயே மாடிக்கு வந்திருந்த அம்மாவை அவன் பார்த்தான். அம்மா, “கூட்டிட்டுப் போடா, பாக்கட்டும்” என்றாள், கொஞ்சம் கடுப்போடு.

பொழுது சாயும்போது கிளம்பினோம். தொழிற்சாலைகள், லாரி வரிசை, அப்புறம் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். உள்ளே ஒரு மண் பாதையில் திருப்பினான். இப்படிப்பட்ட இடத்துக்கு மனிதர்கள் எதற்கு வருவார்கள் என்று எனக்குத் தெரியும், நட்சத்திரத்துக்காக இல்லை. மரம் வெட்டிய வெளியில் ஒரு கார் நின்றது, பக்கத்தில் அரைக்கால் சட்டை போட்ட வயதான சீனர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தோட்டம் அவருடையதாம். லிம் அங்கிள் என்றான். அவரிடமும் ஒரு குழாய் இருந்தது, நீளமாக, எட்டிப்பார்க்கிற மாதிரி. எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

பாம்பு இருக்கும் என்று மல்லிகா காரைவிட்டு இறங்கவே இல்லை. சற்று நேரத்தில் தூங்கியும் போனாள்.

வெள்ளை வெளிச்சம் கூடாதாம். நெற்றியில் சிவப்பு விளக்கைக் கட்டிக்கொண்டு இருவரும் நடமாடியது, கோழி திருட வந்தவர்கள் போல இருந்தது. சரவணன் குழாயின் கழுத்தில் ஒரு பட்டையைச் சுற்றினான். பனி படியாமல் அது கண்ணாடியைச் சூடாக வைக்குமாம். பிறகு லேப்டாப்பைப் பார்த்தபடி ஒரு திருகாணியைத் திருகினான், திருகிக்கொண்டே இருந்தான். வேகமான குழாய்க்கு அதுதான் தொல்லை, மயிரிழை பிசகினாலும் நட்சத்திரம் பஞ்சாகிவிடுமாம். லிம் அவனைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன என்று கேட்டேன்.

“‘உன் டப்பாவுக்கு மூக்குக் கண்ணாடி வாங்கிக் குடு’ன்றாரு ஆன்டி.”

“இன்னிக்கு எதை எடுக்கிற?”

மேலே கை காட்டினான். வேட்டைக்காரன் என்கிற நட்சத்திரக் கூட்டத்தின் தலைப் பக்கம் மங்கலாக மூன்று நட்சத்திரங்கள். “மிருகசீரிடம். அதைச் சுத்தி பெரிய வளையமா புகை இருக்கு. ஒரே படத்துல அடங்காது, துண்டு துண்டா எடுத்து ஒட்டணும். ஒரு மூலை பாக்கி.”

மிருகசீரிடம் கயலுடைய நட்சத்திரம். பெண்ணின் நட்சத்திரத்தைச் சொல்லி என்னென்னவோ செய்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். “வானத்துல வேற நட்சத்திரமே இல்லையா?” என்றேன்.

“இருக்கு. ஜாதகம் வந்தப்புறம்தான் இதை ஆரம்பிச்சேன். கயலுக்குக் காட்டலாம்னு.” லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டு, “ஐஸ் வெக்கத்தான் ஆன்டி” என்றான்.

லேப்டாப்பில் முதல் படம் வந்தது. சாம்பல் பூத்த கறுப்பு, நிறையப் புள்ளி. அடுத்தது, அதற்கடுத்தது. அவன் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க அடுக்க, ஓரத்தில் ஏதோ கன்றிச் சிவந்தது. கயலுக்குச் சின்ன வயதில் கன்னத்தில் வருமே, அதுபோல. நான் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி லேப்டாப்பைப் பார்த்தேன். இருந்தது. இரண்டில் எதை நம்புவது என்று தெரியாமல் நாற்காலிக்குப் போய்விட்டேன்.

பசி வந்தது. காலையில் கட்டிய தயிர்சாதம், ரயில் பத்துமலை வரை சுற்றியதில் புளித்து நாறியது. அதை மூடும்போது லிம் தன் கார் பக்கமிருந்து வந்து, இலையில் மடித்த பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு, தன்னுடையதைப் பிரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். தேங்காய்ப்பால் மணக்கும் சோறு, நெத்திலி, மிளகாய் அரைத்த சம்பல், முட்டை. பாஷை இல்லாத இரண்டு கிழடுகள் இருட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சரவணன் முதுகைக் காட்டிக்கொண்டு திரையிலேயே மூழ்கிக் கிடந்தான். அந்த ஊரில் தரையிலிருந்து வானம்வரை எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள், சீனர் கொடுத்த சோற்றை மட்டும் சந்தேகப்படவில்லை.

மறுநாள் காலை மல்லிகாவின் போன் ஓயாமல் அடித்தது. அவள் ஒவ்வொரு தடவையும் “அப்படியா?” என்று என்னைப் பார்த்தாள்.

“சின்னம்மா, சம்பந்தம் முடிஞ்சிருச்சாமே? தனலெட்சுமி அக்கா எல்லாருக்கும் சொல்றாங்க. நீங்க கை நனைச்சிட்டீங்களாம்.”

“யார் வீட்டுல நனைச்சேன்?”

விஷயம் மெல்ல வெளியே வந்தது. அந்தச் சோறு தனலெட்சுமி ஆக்கியது. மகன் தோட்டத்துக்குப் போகும் நாளெல்லாம் லிம்முக்கும் சேர்த்துப் பொட்டலம் கட்டி அனுப்புவாளாம். அன்று மல்லிகாவுக்கும் ஒன்று வைத்திருக்கிறாள். பையன் பொட்டலங்களை லிம்மின் காரில் வைத்திருக்கிறான். லிம் அதை எடுத்து, விழித்திருந்த எனக்குக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மல்லிகா சாப்பிட்டாளா என்று அம்மா கேட்க, பையன் லிம்முக்குப் போன் போட்டு விசாரித்திருக்கிறான். நான் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன் என்று லிம் பெருமையாகச் சொல்லிவிட்டார்.

திட்டம் போட்டுச் செய்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். இருட்டான இடம், விளக்குப் போடக் கூடாது என்ற சட்டம், மூன்றாவது பொட்டலம், எல்லாம் சேர்ந்து வந்தது. முடியாது என்று சொல்லிவிட்டு அன்றைக்கே கிளம்பிவிட முடிவு செய்தேன்.

நான் புடவையை மடித்துக்கொண்டிருக்கும்போது சரவணன் வந்தான். தனியாக வந்தான். நான் உள்ளறையிலேயே இருந்துகொண்டு அவனைக் காக்க வைத்தேன். கூடத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். வெகுநேரம் சத்தம் இல்லாததால் போய்ப் பின்னால் நின்றேன். நேற்று எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, சிலதைக் குப்பைக்கு அனுப்பிக்கொண்டிருந்தான்.

“நல்லாத்தானே இருக்கு, ஏன் எறியிற?”

“பிளேன் போயிருக்கு ஆன்டி. கோடு விழுந்திருச்சு.”

“இதுல கோடு இல்லையே.”

“காத்து தள்ளியிருக்கு. நட்சத்திரம் நீண்டு போச்சு பாருங்க.”

“சேர்த்துட்டா யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுமே.” லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து நின்றான். “ஆன்டி, நேத்து நீங்க தெரியாம சாப்பிட்டீங்க. அது கணக்குல வராது. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், அவங்க அழுவுறாங்க, பரவால்ல. நீங்க வேணாம்னா வேணாம்தான். அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“வேணாம்னு சொன்னா?”

தரையைப் பார்த்தான். “கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா கயல்கிட்ட நான் பேசிக்கிறேன். உங்கமேல கோவப்படக் கூடாதுன்னு.”

அவனை உட்காரச் சொல்லிவிட்டு, மல்லிகாவின் போனை வாங்கிக்கொண்டு உள்ளே போய் கயலைக் கூப்பிட்டேன். மாப்பிள்ளை விஞ்ஞானி இல்லை, அட்டைப்பெட்டித் தொழிற்சாலை என்றேன்.

“தெரியும் அத்தை.”

“எப்போலேர்ந்து?”

“முதல் நாள் பேசினப்பவே சொல்லிட்டாரு. தரகர்தான் பொய் சொன்னாரு.”

“ஏண்டி என்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீங்க பிளேன் ஏறியிருக்க மாட்டீங்க.”

மூன்று நாளாக ஒரு நாட்டையே துருவித் துருவிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என்னிடம் மறைத்தவள் என் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தத் துபாய் விவகாரத்துக்குப் பிறகு எதற்கும் என்னை எதிர்த்து ஒரு சொல் பேசாத பெண். இவனுக்காக என்னிடம் மறைத்திருக்கிறாள்.

“வந்து பேசிக்கிறேன்” என்று வைத்தேன்.

அடுத்து தனலெட்சுமிக்குப் போட்டேன். எடுத்தவுடன் விசும்பினாள். “அக்கா, நான் வேணும்னு செய்யல...”

“அழாம கேளுங்க. நேத்து நான் சாப்பிட்டது பசிக்கு. அது சம்மதம் இல்லை. சம்மதத்தை இப்ப என் வாயால சொல்றேன். எங்க பொண்ணை உங்க பையனுக்குத் தர்றோம்.”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “சம்மந்தி, அப்ப காலையில நான் ஊரெல்லாம் சொன்னது?” என்றாள்.

“அது பொய். ஒவ்வொருத்தருக்கா திரும்பப் போன் போட்டு, அது பொய்னு சொல்லுங்க. இதுதான் நெசம்னும் சொல்லுங்க.”

கூடத்துக்கு வந்தேன். சரவணன் எழுந்து நின்றிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் எவ்வளவு கேட்டதோ தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் என் கையிலிருந்த மல்லிகாவின் போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது.